வெள்ளிக்கிழமை வெள்ளி கொடுக்காத அக்கா

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பார்வதி அக்கா எங்கள் வீட்டு கேட்டைத் தட்டினார். வழக்கமாக அவர் வந்தால் கையில் கறிபாப் டப்பா இருக்கும். அன்று ஒரு பில் இருந்தது.

"பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வட்டி இல்லைன்னுதானே சொல்லிக் கொடுத்தாங்க? இது என்னா இது?"

பார்வதி அக்கா எனக்கு நாலு வீடு தள்ளி வாடகைக்கு இருப்பவர். கணவர் சேகர் அண்ணன் லோரி ஓட்டுகிறார். அக்கா கறிபாப் செய்து கோலா சிலாங்கூரில் உள்ள பள்ளிக்கூட கெண்டின்களுக்குப் போடுகிறார். அந்தக் கறிபாப்பைச் சாப்பிட்டவர்கள் இந்தப் பத்தியின் வாசகர்களிலேயே சிலர் இருப்பார்கள். அடுக்கடுக்காக உரியுமே, உள்ளே உருளைக்கிழங்கு மசாலாவோடு... அதேதான்.

வியாபாரம் கொஞ்சம் பெரிதானதும் ஒரு ஃப்ரீசர் வாங்கினார். மாதம் நூற்றைம்பது வெள்ளி, ஒரு வருடத் தவணை, ஒரு சென் கூட வட்டி கிடையாது — இப்படிச் சொல்லித்தான் கடையில் கையெழுத்து வாங்கினார்கள். பணம் கொடுத்தது கடை இல்லை, வேறொரு நிதி நிறுவனம். அந்த விவரமெல்லாம் அக்காவுக்குப் பில் வந்த பிறகுதான் தெரியும்.

பில்லைப் பார்த்தேன். சலுகை ரத்து செய்யப்பட்டது என்று இருந்தது. ஃப்ரீசர் வாங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டு வட்டி, அதற்கு மேல் தாமதக் கட்டணம். மொத்தம் முன்னூற்றுச் சொச்சம் வெள்ளி.

"லேட்டா கட்டினீங்களாக்கா?"

"லேட்டு இல்ல டீச்சர். சனிக்கிழமை கட்டுனேன்."

"கட்ட வேண்டிய பதினஞ்சாம் தேதி என்ன கிழமை?"

"வெள்ளிக்கிழமை."

"அப்புறம் ஏன் சனிக்கிழமை கட்டினீங்க?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல.

"வெள்ளிக்கிழமை யாராச்சும் வெள்ளி கொடுப்பாங்களா டீச்சர்?"

நீங்கள் சிரிக்கிறீர்களா? நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்கு உப்பு கூடப் போகாது. லட்சுமி வெளியே போய்விடுவாளாம். ஆனால் லட்சுமிக்குத் தெரிந்த சட்டம் நிதி நிறுவனத்துக்குத் தெரிய வேண்டுமே. அவர்களுடைய ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒரு தவணை தாமதமானாலும் வட்டியில்லாச் சலுகை போய்விடும், முதல் நாளிலிருந்து வட்டி உண்டு. ஃப்ரீசர் கடையில் அதை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யார் வாங்குவார்கள்?

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. கடைக்காரர் மேலும், அக்கா மேலும்.

"ஒரு நாள் முன்னாடி, வியாழக்கிழமையே கட்டியிருக்கலாமில்ல?" என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில்தான் கேட்டிருப்பேன்.

"வியாழக்கிழமை என் கையில ஏது டீச்சர் காசு? கெண்டின்காரவங்க வெள்ளிக்கிழமை சாயந்திரம்தானே கணக்கு முடிப்பாங்க. வந்த காசு ஒரு ராத்திரியாச்சும் வீட்டுல தங்கட்டும்னு வெச்சிருந்து, காலையில மொத ஆளா போய்க் கட்டிட்டேன்."

எனக்குச் சம்பளம் மாதம் பிறக்கும் முன்பே வங்கியில் விழுந்துவிடும். வட்டியில்லாத் தவணை என்பது என்னைப் போன்றவர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. கெடுவுக்கு முன்பே கையில் பணம் இருப்பவனுக்கு வட்டி இல்லை. பணம் வந்ததும் கட்டுகிறவனுக்கு உண்டு. கடனே தேவைப்படாதவனுக்குத்தான் கடன் இலவசம்... யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சரி, முன்னூறு வெள்ளிதானே, கட்டித் தொலைத்துவிட்டால் என்ன? சேகர் அண்ணனும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

அக்கா குடும்பத்துக்கு பெஸ்தாரி ஜெயா பக்கம் மலிவு விலை வீடு ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள். தோட்டத்து லய வீட்டை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து வாடகை வீடு மாற்றி வாடகை வீடு. இப்போதுதான் சொந்தமாக ஒரு கதவு கிடைக்கப் போகிறது. அந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பணம் தரும் வங்கியில் சொல்லிவிட்டார்கள்: உங்கள் பெயரில் ஒரு பாக்கி காட்டுகிறது, அது தீர்ந்ததாக மாத முடிவுக்குள் கடிதம் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் வீடு வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

"கட்டிட்டா கடுதாசி கொடுத்துடுவாங்கதான்," என்றார் அக்கா. "ஆனா நான் பாக்கி வெச்சவள்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? நான் யாருகிட்ட டீச்சர் பாக்கி வெச்சிருக்கேன்? மாவுக்காரர்கிட்ட கேளுங்க. கேஸ் சிலிண்டர் போடற தம்பிகிட்ட கேளுங்க."

கேட்கத் தேவையில்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் தெருவிளக்குத் தூண் ஒவ்வொன்றிலும் ஆ லோங் வட்டிக்காரர்களின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அவசரக் கடன், உடனே பணம் என்று தொலைபேசி எண்ணோடு. அந்த எண்ணை ஒரு நாளும் அழுத்தாத வீடு அக்கா வீடு. வட்டி என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறவர், வட்டி இல்லை என்ற சொல்லை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்.

முதலில் கடைக்குப் போனோம். விற்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். நிதி நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு... மனிதர் வேண்டுமென்றால் எதை அழுத்துவது என்று அந்த இயந்திரம் கடைசி வரை சொல்லவில்லை. பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் அக்காவை என் காடியில் ஏற்றிக்கொண்டு கிள்ளானில் உள்ள கிளைக்கே போய்விட்டேன். ஜெரம், காப்பார் வழி. முன்னால் மணல் லோரி, பின்னால் மணல் லோரி. நான் வழி நெடுக வாதங்களைத் தயார் செய்துகொண்டே போனேன். நுகர்வோர் உரிமை, பொடி எழுத்து, விளக்கிச் சொல்லும் கடமை என்று பெரிய பெரிய சொற்கள்.

கவுண்டரில் ஹலிமா என்று ஒரு பெண் அதிகாரி. சாந்தமான முகம். நான் தயார் செய்திருந்த சண்டை அந்த முகத்தைப் பார்த்ததும் பாதியாகக் குறைந்துவிட்டது. பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது.

"தாமதத்துக்கு என்ன காரணம் காக்?" என்று அக்காவை மலாய் வழக்கில் 'காக்' என்றழைத்து ஹலிமா கேட்டார். "கணினியில் பதியணும். உடல்நலக் குறைவா? வேலை போயிடுச்சா?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். "வெள்ளிக்கிழமை."

ஹலிமா திரையைப் பார்த்தார். அதிலிருந்த காரணங்களின் வரிசையில் வெள்ளிக்கிழமை இல்லை. நான் குறுக்கே புகுந்து லட்சுமியை மலாயில் விளக்க ஆரம்பித்தேன். இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. ஹலிமா பொறுமையாகக் கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார்.

"எங்களுக்கும் அது நல்ல நாள்தான் காக். நாங்க அன்னைக்குக் கொடுத்தா புண்ணியம்னு சொல்வோம்."

"கொடுங்க, நல்லதுதான்," என்றார் அக்கா. "எங்களுக்கு வேற மாதிரி."

'மற்றவை' என்ற கட்டத்தைத் தட்டினார் ஹலிமா. எங்கள் லட்சுமி இப்போது கிள்ளானில் 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறாள்.

கட்டும் தேதியை மாற்றித் தரலாம் என்றார் ஹலிமா. ஆனால் எந்தத் தேதியாக இருந்தாலும் அது சுற்றிச் சுற்றி ஒரு நாள் வெள்ளிக்கிழமையில் வந்து நிற்கத்தானே செய்யும்? அவர்கள் தேதியால் வாழ்கிறார்கள், அக்கா கிழமையால் வாழ்கிறார். அப்படியானால் தவணையைக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்துவிடலாமே என்றார் ஹலிமா.

அக்கா என் பக்கம் திரும்பி மெதுவாகத் தமிழில் கேட்டார். "அவங்களா எடுத்துக்கிட்டா, நான் கொடுத்ததா ஆகுமா டீச்சர்?"

நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாசகர்களில் சாஸ்திரம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பிறகுதான் நான் கொண்டுபோன பெரிய சொற்களை எடுத்தேன். ஹலிமா ஒப்பந்தத்தைத் திருப்பி, அக்காவின் கையெழுத்தைக் காட்டினார். படித்துவிட்டுத்தானே போட்டீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே எங்களுக்குப் புரிந்தது. நான் அடங்கிப் போனேன்.

அப்போது அக்கா வாயைத் திறந்தார்.

"சில மாசத்துக்கு முன்னாடியும் பதினஞ்சாம் தேதி வெள்ளிக்கிழமையிலதான் வந்திச்சு. அப்பவும் நான் சனிக்கிழமைதான் கட்டுனேன். அப்ப ஏன் நீங்க ஒண்ணுமே சொல்லல? சொல்லியிருந்தா நான் யாருகிட்டயாச்சும் கைமாத்து வாங்கியாச்சும் வியாழக்கிழமையே கட்டியிருப்பேன். நீங்க சும்மா இருந்தீங்க. சரி, ஒரு நாள் பரவாயில்ல போலன்னு நெனைச்சிட்டேன்."

ஹலிமா திரையில் தேடினார். ஆமாம், அப்போதும் ஒரு நாள் தாமதம். எச்சரிக்கை எதுவும் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று அவருக்கும் தெரியவில்லை. முதல் முறை வாய் மூடிப் பணத்தை வாங்கிக்கொண்டவர்கள், இரண்டாம் முறை மொத்தமாக வட்டியைத் தூக்கி வைத்தால் அது என்ன நியாயம்?

"மேலதிகாரிக்கு எழுதறேன் காக்," என்றார். எழுதவும் செய்தார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன உபதேசம். டீச்சர் புத்தி, விட முடியவில்லை. வட்டி இல்லாமல் பொருள் தருகிறேன் என்று யாராவது சொன்னால், விலையைக் கேட்காதீர்கள், தவணையைக் கேட்காதீர்கள். ஒரு நாள் தாமதமானால் என்ன ஆகும் என்று கேளுங்கள். விற்பவர் முகம் மாறினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லாத நிலையில் கடிதம் வந்தது. அக்கா என் வீட்டுக்கே எடுத்து வந்தார். வட்டி முழுவதும் நீக்கப்பட்டது. தாமதக் கட்டணமும் இல்லை. அக்கா பெயரில் பாக்கி எதுவும் கிடையாது. வங்கிக்கு வேண்டியது எல்லாமே அதில் இருந்தது. கீழே அக்கா கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

நான் கை தட்டாத குறை. அக்கா முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

"இஹ்சான்னு போட்டிருக்கு. அப்படின்னா கருணைதானே டீச்சர்?"

ஆமாம். இஹ்சான் அடிப்படையில் இந்தத் தொகை மன்னிக்கப்படுகிறது என்றுதான் எழுதியிருந்தது. கருணை கூர்ந்து.

"நான் கருணை கேக்கலியே," என்றார். "எனக்குச் சொல்லாம விட்டது அவங்க தப்புன்னுதானே சொன்னேன். அதை எங்கேயும் போடலியே."

எனக்கு அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு கடிதம் கொடுங்கள் என்று எழுதலாம் என்றேன். நானே எழுதித் தருகிறேன், நல்ல மலாயில், சூடாக.

"எழுதுனா எத்தனை நாளாகும்?"

முதல் கடிதமே வர எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வங்கி காத்திருக்காது. வரிசையில் அடுத்து நிற்பவரும் காத்திருக்க மாட்டார்.

"அவரு இப்பவே கதவுக்கு என்னா கலர் அடிக்கலாம்னு கேட்டுக்கிட்டு இருக்காரு," என்றார் அக்கா. சேகர் அண்ணனைச் சொன்னார். அப்புறம் என் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்தார். நிதானமாக, எழுத்துக் கூட்டி, தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியமே வங்கியில் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் தடை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அக்காவுக்கு வீடு கிடைக்கப் போகிறது. எனக்கு அதில் நிறைய சந்தோஷம். ஆனால் அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களே மன்னித்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தாலும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது... வீடு வேண்டுமே.