பழப்புளியில் துலக்கிய இருபது கோதுகள்

பொண்டி என்ற பிரெஞ்சுப் புறநகரில் நான் வேலை செய்த டயர்க் கடையின் பத்ரோனுக்கு, அதாவது முதலாளிக்கு, இரண்டே இரண்டு விஷயங்களில்தான் உயிர். ஒன்று காட்டுப்பன்றி வேட்டை. மற்றது, அந்த வேட்டைக்கு வேண்டிய தோட்டாவைத் தன் கையாலேயே செய்வது. கடையில் வாங்கினால் என்ன குறைந்துவிடும் என்று முதல் வருடம் முழுக்க நான் மனதுக்குள் புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். தோட்டாவுக்கு வேண்டிய ஈயத்தைப் பொறுக்கும் வேலை என் தலையில் விழுந்ததுதான் காரணம். டயர் மாற்ற வரும் பழைய கார்ச் சில்லுகளில் சமநிலைக்காகக் கொழுவியிருக்கும் சின்னக் கட்டிகளைக் கழற்றி நான் வாளியில் போடவேண்டும். அவற்றில் ஒரு துத்தநாகக் கட்டி தப்பித்தவறிக் கலந்தாலும் உருக்கிய ஈயம் முழுவதும் பழுதாகிவிடுமாம். அதனால் பத்ரோன் ஒவ்வொன்றையும் குறட்டால் கடித்துப் பார்ப்பார். பல் பதிந்தால் ஈயம், பதியாவிட்டால் குப்பை.

2011இல் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. டயர் மாற்ற நாங்கள் இருந்தோம், தோட்டாவுக்கு ஆளில்லை. ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி அது. என் மனைவியின் தம்பியைப் பற்றி, போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வன்னியில் கடைசியாக யாரோ கண்டார்கள், அவ்வளவுதான். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள கடைக்குப் போனாலும், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களின் முகத்தைத்தான் அவள் முதலில் பார்ப்பாள்.

"துவக்குச் சாமானிலை கை வைக்காதேங்கோ," என்றாள்.

"பன்றிக்கப்பா. மனிசருக்கு இல்லை."

அவள் பதில் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியான இடங்களில் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வது.

சனிக்கிழமை பின்னேரங்களில், கடைக்குப் பின்னாலிருந்த அறையில் வேலை நடந்தது. தோட்டாவின் முனையில் இருத்தும் ஈயச் சன்னம் ஒவ்வொன்றும் என் விரல் நுனியளவு தடிப்பு. நகத்தால் கீறினாலும் கோடு விழாத கெட்டி வார்ப்பு. கையில் எடுத்தால் பாரம் தெரியும். அதன் மூக்கு கூராக இல்லாமல் தட்டையாக இருந்தது ஏன் என்று கேட்டேன். அவர் தன் துவக்கைக் காட்டினார். விசையைச் சுற்றி ஒரு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த தோட்டாவின் வெறுங்கோது வெளியே பாயும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் முதுகில் முட்டிக்கொண்டிருக்கும். கூர்மூக்கு வைத்தால் அது முதுகைக் குத்தித் துவக்குக்குள்ளேயே வெடித்துவிடலாம். வெடிமருந்தை அவரே இடது கையால் நிறுப்பார், அதற்கு என்னை விடமாட்டார். பித்தளைக் கோதின் வாயை மயிரளவு விரிப்பதும், மெழுகு பூசிய சன்னத்தை அதில் இருத்துவதும், கைப்பிடியை அமுக்கி வாயை இறுக்கி மடிப்பதும் என் பங்கு. இறுக்கம் போதாவிட்டால் வெடியின் உதைப்பில் மற்றத் தோட்டாக்களின் சன்னம் உள்ளே இறங்கிவிடும்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சன்னம் கோதுக்குள் இறங்கும்போது கைக்குத் தெரியும் அந்த இறுக்கம் பிடித்திருந்தது. மனைவியிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன்.

அடுத்த குளிர்காலத்தில், வெடித்த கோதுகளைத் திரும்ப நிரப்பமுன் துலக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. வேட்டைக்கு ஒரு கிழமைதான் இருந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை. பித்தளை துலக்க எங்களிடம் இதைவிட நல்ல சாமான் இருக்கிறது, வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு எப்படி மின்னும் தெரியுமா என்று அளந்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பை நிறையக் கோதுகளைத் தந்தார். அத்தோடு நின்றிருக்கலாம். கேட்காத உதவியையும் செய்து நல்ல பேர் எடுக்கும் வியாதி எங்கள் ஆட்களுக்கு உண்டு, எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே. அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இன்னும் இருபது கோதுகள் கறுத்துப்போய்க் கிடந்தன. பாவம், மறந்துவிட்டார் என்று அதையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

"உந்தச் சனியனுகளை ஏன் வீட்டுக்கை கொண்டுவந்தனீங்கள்?" என்றாள் மனைவி.

"வெறுங்கோது. ஒண்டும் செய்யாது."

முணுமுணுத்துக்கொண்டே பழப்புளியைக் கரைத்தாள். விளக்கைத் துலக்கி முடித்த கையோடு கோதுகளையும் எடுத்தாள். தகரத்திலிருந்ததில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, இதிலை பேனையாலை ஏதோ எழுதிக் கிடக்கு."

நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். "அது நம்பர் கிம்பர் ஏதாவது இருக்கும். நீர் பாக்காமல் அதையும் தேயும்," என்றேன்.

திங்கட்கிழமை காலை மேசையில் ஒரு துணி விரித்து எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்து நின்றேன். பத்ரோன் சிரித்தபடி வந்தார். பிறகு மேல்தட்டைப் பார்த்தார். தகரம் மேசையில் இருந்தது. இருபதில் ஒன்றை எடுத்து யன்னலுக்கு நேரே பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். இருபதையும் அப்படியே பார்த்தார். "நன்றாக மின்னுகிறது," என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாள்தான் சொன்னார். அவருக்கு ஒரே மகன். மூன்று வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். முன்பெல்லாம் என் இடத்தில் இருந்து தோட்டா இறுக்கியவன் அவன். பன்றி விழுந்தால், அதை விழுத்திய கோதில் அன்றைய நாளைப் பற்றி இரண்டு மூன்று சொல் எழுதி வைப்பான். அந்த இருபதும்தான் தகரத்தில் இருந்தவை. மகனின் கையெழுத்து வீட்டில் வேறெங்கும் அதிகம் இல்லை என்றார்.

"உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை," என்றும் சொன்னார்.

அதுதான் என்னைக் கொன்றது. எழுத்து இருக்கிறது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நான் தேய்க்கச் சொன்னேன். அதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, இன்றுவரை சொல்லவும் இல்லை.

மனைவியிடம் மறைக்க முடியவில்லை. அடுப்படியில் நின்றவள், கேட்டதும் குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள். தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "நான் சொன்னனான்," என்றாள், ஒரே ஒரு தரம். பிறகு, "என்னை அவரட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள்.

சனிக்கிழமை, வெறுங்கையோடு போகக்கூடாது என்று வடை சுட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். போன்ழூர் என்ற வணக்கத்தோடும் பர்தோன் என்ற மன்னிப்போடும் அவளுடைய பிரெஞ்சு முடிந்துபோனது. மிச்சத்தைத் தமிழில் என்னிடம் சொன்னாள்.

"எதிலை என்ன எழுதியிருந்தது எண்டு கேளுங்கோ. இண்டைக்கே எழுதுவம். நாளைக்குப் பாப்பம் எண்டு விட்டா அதுவும் போயிடும்."

இதைப் போய் எப்படிக் கேட்பது என்று விழித்தேன். "கேளுங்கோ," என்று அதட்டினாள். கேட்டேன்.

அவர் தகரத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பிறகு அழியாத மைப்பேனை ஒன்றை என்னிடம் நீட்டினார். நடுங்கும் கையால் அவ்வளவு சின்ன இடத்தில் அவரால் எழுத முடியாது. "மழை. நாய் பயந்துவிட்டது," என்றார். எழுதினேன். "அப்பா தவறவிட்டார், நான் விடவில்லை." அதைச் சொல்லும்போது சிரித்தார். என் கோணல் எழுத்தில் ஒன்று ஒன்றாக ஏறியது. பதினொன்று வரை வந்தது. பன்னிரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார், மகன் எழுதிய சொல் நினைவுக்கு வரவில்லை.

"தகரத்தில் இருக்கிறதுதானே என்று நான் மனதில் வைக்கவில்லை," என்றார். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அழுதார். அந்த மனிதர் அழுது நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. ஒன்பது கோதுகள் வெறுமையாகவே தகரத்துக்குள் திரும்பிப் போயின.

அன்றைய தோட்டா வேலை அப்படியே கிடந்தது. மறுநாள் அவருக்கு வேட்டை. நான் கைப்பிடியைப் பிடித்தேன். மனைவி, நான் கேட்காமலே, சன்னங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து என் கையில் தந்துகொண்டிருந்தாள். 

திரும்பும் ரயிலில் அவள் யன்னலோரம் இருந்தாள்.

"தம்பியின்ரை குரல் எனக்கு வருகுதில்லை," என்றாள். "முகம் வருகுது. குரல் வருகுதில்லை. நீங்கள் ரெண்டு தரம் போனிலை கதைச்சனீங்கள்தானே, உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"ஓம், இருக்கு," என்றேன். பொய்.

அவள் முழுதாக என் பக்கம் திரும்பினாள். "எப்பிடி இருந்தது? ஒருக்காக் கதைச்சுக் காட்டுங்கோ."

மஜந்தா நிலையத்தில் ரயில் நின்றது. நாங்கள் இறங்க வேண்டிய இடம் அதுதான். ஆட்கள் எங்களைக் கடந்து இறங்கினார்கள். அவள் எழும்பாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.