மச்சான் வளர்த்த பிளாஸ்டிக் பூக்கள்

என் மனைவியின் அண்ணன் வாஷிங் மெஷின் மெக்கானிக். தெருவில் ‘மெஷின்காரர்’ என்றால்தான் தெரியும், எனக்கு மச்சான். எந்த வீட்டில் மெஷின் நின்றாலும் அவருக்குத்தான் ஆள் போகும். போவார், பின்மூடியைக் கழற்றுவார், ஓட வைப்பார், திரும்பிவிடுவார். நடுவில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். ஒரு தடவை கல்யாணம் பேச ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனோம். பெண் எதிரில் வந்து உட்கார்ந்ததும், மனிதர் எழுந்து போய் அவர்கள் வீட்டு டேபிள் ஃபேனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். ஃபேன் சரியாகிவிட்டது. கல்யாணம்தான் நடக்கவில்லை. அவருக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது என்பதே பல வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அதையும் என் மனைவி கிடுக்கிப்பிடி போட்டுத்தான் வாங்கினாள்.

முன்னால் இரண்டு அறை, பின்னால் ஒரு கொட்டகை, அதையொட்டிக் கொஞ்சம் வெற்று மண். அதுதான் அவர் வீடு. சாயங்காலமானால் கொட்டகையில் ஒரு மெஷின் துணியே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், "டெஸ்ட் பண்றேன் மச்சான்" என்பார். என்ன டெஸ்ட்? விளக்கேற்றிய வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

வருஷக்கணக்காகச் சோப்புத் தண்ணீர் வடிந்து அந்த மண் வெளுத்துப் போயிருந்தது. புல்கூட முளைக்காது. கொட்டகையிலோ கழற்றிப் போட்ட சாமான்கள் மலையாய்க் குவிந்திருந்தன. மெஷின் தொட்டிக்கு அடியில் சுழன்று துணியைப் புரட்டுமே ஒரு வட்டத் தட்டு, அதைப் பல்சேட்டர் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் அதில் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். வளைந்த மேடுகள் இதழ் மாதிரி இருந்தனவாம். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்டை அதன்மேல் பூசி, ஓர் இரும்புக் கம்பியில் முடுக்கி மண்ணில் குத்தி வைத்தார். அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு மனிதருக்குக் கை நிற்கவில்லை. தண்ணீர் வடிகிற மடிப்புக் குழாய்க்குப் பச்சை அடித்து, இரண்டு நட்டைக் கண்ணாக ஒட்டினார், அது கம்பளிப்புழு. பழைய திருகுக் குமிழ்களில் கறுப்புப் புள்ளி வைத்தார், அவை வண்டுகள். மெஷின் கதவின் வட்டக் கண்ணாடியை மண்ணில் பதித்து உள்ளே மீன் வரைந்தார், அது குளம். எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பியெல்லாம் கொடிகளாயின.

"உங்கண்ணனுக்கு வேற வேலை இல்லையா?" என்றேன் மனைவியிடம்.

"வேற மனுஷங்க இல்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக்கு லாரிக்காரர் குடிவந்தார். ஓட்டி ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர், ஒரே மகள் வெளியூரில். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆனால் ஆயுள் முழுக்க ராத்திரியில் லாரி ஓட்டிய மனிதர், கண் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வாரா? கதவில் முட்டிக்கொண்டால் கதவைத் திட்டுவார்.

குடிவந்த மறுநாள் காலை, சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. கையில் ரப்பர் ஹோஸ்.

"தம்பி, பூவெல்லாம் ஜோரா இருக்கு. மண்ணுதான் காய்ஞ்சு கிடக்கு, பாவம். நான் தண்ணி விடட்டுமா?"

மச்சான் வாயைத் திறந்தார். இது பிளாஸ்டிக் என்று சொல்லத்தான் திறந்தார். ஆனால் மெஷின் பழுது என்ற பேச்சு இல்லாமல் ஒரு மனிதர் அவரிடம் பேசி எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"விடுங்கண்ணே" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தண்ணீர் பீய்ச்சப்பட்டது, கூடவே பேச்சும். எந்தச் சாலையில் பிரேக் பிடிக்காமல் போனது, எந்த மலையில் தூங்கி விழப் பார்த்தது என்று அவர் அவிழ்த்து விடுவார். மச்சான் பல்துலக்கும் பிரஷைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பார். ஒருநாள் பெரியவர் பதறினார்: "தம்பி, மருந்தடிங்க! எவ்ளோ தண்டி புழு! செடியையே தின்னுடும்!" மச்சான் அந்தப் பச்சைக் குழாயை எடுத்துக் கொட்டகையில் ஒளித்துவிட்டு, "அடிச்சுட்டேண்ணே" என்றார். பின்னால் எங்களிடம் இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்தார். அவர் பல் எனக்குத் தெரிந்தது அபூர்வம்.

பொய்க்கு வேலை அதிகம். தண்ணீர் பட்டுக் கம்பிகள் துருவேறின. ஞாயிறுதோறும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி பெயின்ட் அடித்தார். பூ வாடாமல் அப்படியே இருந்தால் சந்தேகம் வருமே? அதனால் சிலதைப் பிடுங்கிவிட்டு, ப்ளீச்சிங் பாட்டில் மூடிகளை மொட்டு மாதிரி மாட்டினார். சில நாள் போனதும் மூடி இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு பல்சேட்டர். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டாட்டம்தான்: "சேப்புல ஒண்ணு விட்டிருக்கு தம்பி! நேத்து மொட்டு, இன்னைக்குப் பாருங்க!" அந்தச் சந்தோஷத்தைக் கேட்பதற்காகவே மச்சான் ஓய்வு நேரம் முழுவதும் பூ செய்தார்.

மகள் தினமும் போன் பண்ணி, தன்னோடு வந்துவிடும்படி அப்பாவைக் கூப்பிடுவாள். பெரியவர் பேசுவது சுவர் தாண்டிக் கேட்கும். "நான் வந்துட்டா செடிக்கு யாரும்மா தண்ணி விடுவா? நான்தானே வளர்க்கிறேன்." இதைக் கேட்டுவிட்டு மச்சான் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிடுவாராம். பெரியவர் இந்தத் தெருவில் இருப்பதே அந்தப் பூக்களை நம்பித்தான். ஒரு பூ பிளாஸ்டிக் என்று தெரிந்தால் போதும், மனிதர் கிளம்பிவிடுவார்.

கடைசியில் மகள் விடாப்பிடியாக நின்று கண் ஆபரேஷனுக்கு அப்பாவை அழைத்துப் போனாள். போகும்போது அவர் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாள் விடாம ஊத்துங்க தம்பி. திரும்பி வந்து நல்ல கண்ணால பாக்கணும்."

மச்சான் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். விஷயத்தை அன்றுதான் எங்களிடம் சொன்னார்.

"இதுல என்ன இருக்கு? போனைப் போட்டு உண்மையைச் சொல்லுங்க. சிரிச்சுட்டு விட்டுடுவார்" என்றேன்.

"என்னன்னு சொல்றது மச்சான்?"

"பேச ஆள் இல்லாம இப்படிப் பண்ணிட்டேன்னு சொல்லுங்க."

என்னை ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டவனைப் போலப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. மெஷினுக்குள் கை விடத் தெரிகிறது, சொந்த மனசுக்குள் விடத் தெரியவில்லை.

அவர் செய்த காரியம் வேறு. எல்லாப் பூக்களையும் பிடுங்கிச் சாக்கில் கட்டினார். நர்சரிக்குப் போய் அதே நிறங்களில் பூக்கிற நிஜச் செடிகளை வாங்கி வந்து, அதே இடங்களில் நட்டார். சோப்பு ஊறிய மண் என்பதை மறந்துவிட்டார். அல்லது, ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வாரம் திரும்புவதற்குள் இலைகள் கருகின. வேறு வாங்கி நட்டார், அவையும் போயின. பெரியவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்த அன்று, அங்கே நின்றதெல்லாம் காய்ந்த குச்சிகள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். "தம்பி... ஒரு வாய் தண்ணி ஊத்த உங்களுக்கு மனசு வரலியா? கொன்னுட்டீங்களே!"

அவர் குரல் உடைந்துவிட்டது. மச்சானால் அதைத் தாங்க முடியவில்லை. சாக்கை இழுத்து வந்து சுவரின்மேல் அவிழ்த்தார். மஞ்சள், சிவப்பு, ஊதா.

பெரியவர் ஒன்றை எடுத்தார். விரலால் தட்டினார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் போல்ட் ஓட்டை.

"இதுக்கா நான் தண்ணி விட்டேன்?"

மச்சான் தலையாட்டினார்.

"என் பொண்ணுகிட்ட தினம் பீத்திக்கிட்டேனே! குருட்டுப் பயன்னு வேடிக்கை பாத்தீங்களா?"

"இல்லண்ணே..." அதற்குமேல் மச்சானுக்கு வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்: "உங்க மெஷின்ல சத்தம் வருது போல. பாத்துத் தரட்டுமா?"

பெரியவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு சுவருக்கு மேலே தலை தெரியவில்லை. மச்சான் காலையில் வழக்கம்போல் பிரஷோடு போய் நிற்பார். வாய் காய்ந்ததும் திரும்பி வருவார். சாயங்காலம் கொட்டகையில் மெஷினையும் ஓடவிடுவதில்லை. ஒருநாள் சுவர் தாண்டி போன் பேச்சு கேட்டது. "வந்து கூட்டிட்டுப் போம்மா. இங்க எனக்குன்னு எதுவும் இல்ல."

மகள் வந்த அன்று என் மனைவி என்னைத் துரத்தி அனுப்பினாள்; அண்ணன் தனியாக இருக்கக் கூடாதாம். நான் போனபோது சாமான் வேன் முன்னாலேயே புறப்பட்டுவிட்டது. மகள் பக்கத்து வீட்டைப் பூட்டி, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மச்சான் தன் வாசலில் நின்று திருப்புளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போய்ப் பேசுங்க. இப்ப இல்லேன்னா எப்ப?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். முதுகில் கை வைத்துத் தள்ளவும் செய்தேன்.

போனார். கார் ஜன்னலில் குனிந்தார். ஏதாவது பழுது பார்த்துத் தரட்டுமா என்று கேட்கப் போகிறாரோ என்று எனக்குத் திக்கென்றது.

"அண்ணே, போகாதீங்க" என்றார் மச்சான். "வேடிக்கை பாக்கலண்ணே. உண்மையைச் சொன்னா நீங்க பேச்சை நிறுத்திடுவீங்களோன்னு பயம். எனக்குப் பேச யாருமில்ல. காலைல உங்க குரல் கேட்டாத்தான் அன்னைக்கு இருக்கணும்னு தோணும்."

ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என் கண் கலங்கிவிட்டது.

பெரியவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மச்சானின் முகத்தைக் கிட்டத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தீங்கன்னா, பிளாஸ்டிக்னு தெரிஞ்சே தண்ணி விட்டிருப்பேனே தம்பி."

மகள் வந்து ஏறினாள். அப்பா முகத்தையும் மச்சான் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் விளங்காமல் வண்டியைக் கிளப்பினாள்.