அடைக்கக் கூடாத ஓட்டை

ரங்கூனில் வெயில் சூடு இறங்காமலிருக்கச் சுவருக்குள் தெர்மோகோல் மணி ஊதித் தருகிறோம் என்று போர்டு மாட்டியிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சுவரைத் தட்டிக்கூடப் பார்ப்பதில்லை. குழாயைச் சொருகு, ஊது, கிளம்பு. ஒரு மழைக்காலம் போனதும் உள்சுவர் பச்சை பிடிக்கும். அப்போது ஃபோன் எடுக்க மாட்டார்கள். அவர்கள் கெடுத்த சுவர்களைத் திருத்தியே எனக்குப் பாதி வேலை வருகிறது. எனக்குக் கோபம் வருகிறது என்று புகார் சொல்கிறவர்கள் அந்தச் சுவர்களை ஒரு தடவை முகர்ந்து பார்க்கட்டும்.

பசுந்தாங் பேட்டையில் அந்த வீடு ஓடையை ஒட்டிய சந்தில் இருந்தது. பழைய செங்கல் வீடு, இரட்டைச் சுவர். வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. மேற்குச் சுவரை ஒட்டிய அறையில் வீட்டுக்காரியின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். பக்கவாதம். மத்தியான வெயில் அந்தச் சுவரில் இறங்கினால் கட்டில் கம்பிகூடச் சுடும். ஏசி இருந்தது. மின்சாரம் பாதி நாள் இல்லாத ஊரில் ஏசி இருந்து என்ன? கரண்ட் இருக்கும்போது ஏறும் குளிர்ச்சி, போன பிறகும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். கிழவரை இன்னொரு கோடை தாங்க வைக்க வேண்டும்.

நான் அவசரப்படவில்லை. மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தேன். அடியில் விழுந்து கிடந்த காரைக் கட்டிகளை எடுத்தோம். வெளிப்பூச்சில் இருந்த விரிசலை எல்லாம் பூசிக் காய விட்டோம். அது தென்மேற்கு மழை நேராக அடிக்கும் பக்கம். விரிசலோடு ஊதினால், வெளியே பட்ட ஈரம் மணி வழியாக உள்சுவருக்கு வந்துவிடும். இடைவெளியில் தொங்கிய பழைய ஒயரை வெளியே எடுத்துக் குழாய்க்குள் போட்டோம். தெர்மோகோல் பட்டால் ஒயரின் மேல்தோல் நாளடைவில் கெட்டுப்போகும், சூடும் வெளியேறாது. அடுக்களைச் சுவரில் காற்று போக ஒரு ஓட்டை இருந்தது. இரண்டு சுவரையும் தாண்டி ஒரு பிளாஸ்டிக் குழாயை அதில் வைத்தேன். மணி அதற்குள் விழாது, காற்றும் தடைபடாது.

என்னோடு வேலை செய்பவர் பர்மாக்காரர். என்னை 'அமா' என்பார். அவர்கள் பாஷையில் அக்கா. புதிதாகக் கேட்பவர்கள் நான் அவரைப் பெற்றவள் என்று நினைத்துக்கொள்வார்கள். வேலைக்கு வேண்டிய தமிழை என்னிடம்தான் கற்றார். மணி ஊதுவதற்கு வெளிச்சுவரில் வரிசையாக ஓட்டை போடுவோம். ஊதி முடித்ததும் ஒவ்வொன்றாக அடைப்போம். ஓட்டை என்றால் அடைக்க வேண்டியது. அவருக்குத் தெரிந்த தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கிடையாது.

கடைசி நாள் மணி போதவில்லை. ஊருக்கு வெளியே லைங் தாயாவில் தெர்மோகோல் பெட்டி செய்யும் ஒரு பட்டறையில் வாங்கி வரக் கிளம்பினேன். நான் போன பிறகு வீட்டுக்காரி அடுக்களை ஓட்டையைக் காட்டி அவரிடம் சொல்லியிருக்கிறாள். கொசு வருகிறதாம், குளிர்ச்சி வேறு போகிறதாம். அந்த ஓட்டையையும் அடைத்துவிடச் சொன்னாள். அவரும் சிமெண்ட் குழைத்து அடைத்து, வழுவழுவென்று தேய்த்தும் விட்டார்.

நான் திரும்பியபோது வெயில் சாயவில்லை. கரண்ட் போயிருந்தது. பர்மா பாஷையில் கரண்ட்டுக்கு 'மீ', இங்கே தமிழர்களும் அப்படியே சொல்வார்கள். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. அடுக்களையில் கரி அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"மீ போயி எவ்வளவு நேரமாச்சு, இன்னும் சில்லுன்னு இருக்கு பாருங்கக்கா. அப்பா இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்ல."

சொல்லிக்கொண்டே நெற்றியை அழுத்தினாள். தலைவலியா என்றேன். காலையிலிருந்து அலைச்சல் என்றாள். நான் ஓட்டையைப் பார்த்தேன். ஈர சிமெண்ட்.

நேராக அறைக்குப் போய்க் கிழவரை உலுக்கினேன். கண் திறக்கவில்லை. கன்னத்தில் தட்டினேன். முனகல் மட்டும் வந்தது. ஜன்னலை எல்லாம் திறக்கச் சொல்லிக் கத்திவிட்டு, நானும் என் ஆளும் கட்டிலோடு அவரைத் தூக்கிச் சந்துக்குக் கொண்டுபோனோம். திரும்பி ஓடி அடுப்பைப் பின்வாசலுக்கு வெளியே இழுத்தேன். வெளிக்காற்றில் கிழவர் கண் விழித்து வாந்தி எடுத்தார். விழித்துவிட்டாரே, போதும் என்றாள் அவள். போதாது என்று திட்டி டாக்ஸி பிடித்தேன். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அவளுக்கும் வைத்தார்கள்.

"கொசு வருதுன்னுதானக்கா சொன்னேன்," என்றாள், மாஸ்க்கை விலக்கி.

"கொசு வருதுன்னு உங்க மூக்கை அடைச்சுக்குவீங்களா? அது வீட்டுக்கு மூக்கு. கரிப்புகை கண்ணுக்குத் தெரியாமலே ஆளைக் கொல்லும். போடுங்க மாஸ்க்கை."

என் ஆள் வராந்தாவில் தலை குனிந்து நின்றார். "ஓட்டைன்னுதான் சொன்னாங்க, அமா," என்றார். அந்தச் சொல்லுக்கு அந்த ஒரு அர்த்தத்தை மட்டும் கற்றுக் கொடுத்தவள் நான், அதனால் அவரைத் திட்டவில்லை. எனக்கு அது அபூர்வம். மறுநாள் அந்த சிமெண்டை அவரே உடைத்தார். அப்புறம் குழாயின் வாயில் கம்பி வலை வைத்தோம். கொசுவர்த்தி கொளுத்திப் பக்கத்தில் பிடித்தேன். புகை வளைந்து வலை வழியாக வெளியே போனது. அன்றிலிருந்து எங்கள் வேலையில் காற்று போகும் ஓட்டைக்கு மூக்கு என்று பெயர். ஊதப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு மூக்கையும் சுற்றிச் சிவப்புச் சாயம் பூசிவிடுவோம்.

மூக்கு இருக்கிறது என்பதற்காக மூடிய வீட்டுக்குள் கரி அடுப்பு எரிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதையும் அவளிடம் கத்தித்தான் சொன்னேன். குளிர்ச்சி வெளியே போகாதபடி இறுக்கிய வீட்டில் புகையும் வெளியே போகாது. இப்போது அவள் அடுப்பு பின்வாசலுக்கு வெளியே, தகரத்தின் கீழே எரிகிறது.

மழை ஆரம்பித்ததும் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ஒரு பொட்டு இல்லை. என் சுவர்களில் இருக்காது. கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரைத் தடவிக்கொண்டிருந்தபோதே மகள் வந்து அவர் தோளை உலுக்கினாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"மறுபடியுமா? நான் சாகலடி. போய் வேலையைப் பாரு."

அவள் சிரிக்கவில்லை. அவர் திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பார்க்கப் போனாள். தூங்குகிறவரை எதற்கு எழுப்புகிறாய் என்று நான் கேட்கவில்லை. எழுப்பட்டும்.