முகம் காட்டாத படம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள், முதல் பட்டமும் என்னுடையதுதான், அந்தத் திமிர் எனக்கு உண்டு. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

படூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் இந்த வட்டார உப்பளங்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். கிடைத்த பழைய படங்கள் எல்லாவற்றிலும் ஆண்கள்தான். கோவளம் பக்கத்து உப்பளத்தில் வருஷக்கணக்கில் உப்பு சுமந்தவள் என் அம்மா, அவள் எதிலும் இல்லை. விடுபட்ட பெண்களை ஏஐ வைத்து வரைந்து, கற்பனைப் படம் என்று கீழே எழுதி மாட்டலாம் என்று நான்தான் சொன்னேன். முதல் படம் அம்மாவுடையது என்று முடிவும் செய்துவிட்டேன்.

அம்மாவின் முகத்துக்கு மாதிரியாக என் பட்டமளிப்பு நாள் படத்தை ஏஐயிடம் கொடுத்தேன். அதில் நான் கறுப்பு அங்கியில், பக்கத்தில் அம்மா புதுப் பட்டு ரவிக்கையில், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஏஐ முதலில் நகையும் பூவுமாக யாரையோ வரைந்தது, எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன், எடுத்தது. ஆனால் தலையில் உப்புக் கூடையோடு அந்தப் பெண் முதுகைக் காட்டி நின்றாள். முகம் தெரிய வேண்டும் என்று எப்படியெல்லாமோ மாற்றி எழுதினேன், முதுகுதான் வந்தது, ரவிக்கையின் முதுகில் சதுரமாக ஒரு நீல ஒட்டு. அதை நான் கேட்கவே இல்லை.

சாயங்காலம் அம்மாவிடம் போனை நீட்டினேன்.

“இன்னாடி இது, நாந்தான்! இந்த ஒட்டு உங்க நைனா லுங்கியக் கிழிச்சுப் போட்டது. உனுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. ஏம்மா முதுகக் காட்டினு நிக்கிற?”

“போட்டோ புடிக்க வந்தா, ‘பொம்பளைங்க அந்தாண்ட திரும்பி நில்லுங்கடி’ன்னுவான் மேஸ்திரி. அப்டியே நிப்போம். முதுகுகூட படத்துல வுழல போல.” சிரித்தாள். “வுடு, வேற யார்னா மூஞ்சியப் போட்டுக்கோ.”

போடவில்லை. அந்த முதுகையே மாட்டினேன். வந்தவர்கள் நின்று பார்த்தது ஆண்களின் படங்களைத்தான். கண்காட்சி முடிந்ததும் அம்மா படத்தைச் சுருட்டி என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

ஏஐ கோளாறு என்பீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் சுருளோடு வீட்டுக்குள் நுழைந்தவள், சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நான் சிரிக்கிறேன். அம்மா முதுகைக் காட்டி நிற்கிறாள்.

கேட்டால், “அன்னிக்கும் அந்தாண்ட திரும்பித்தானே நின்னுகினு இருந்தேன்,” என்கிறாள் அம்மா, பாத்திரம் கழுவிக்கொண்டே.

போனில் இருக்கும் அதே பட்டமளிப்புப் படமும் அப்படியேதான். அந்தப் புதுப் பட்டு ரவிக்கையின் முதுகில் நீல ஒட்டு. ரவிக்கை பீரோவில் இருக்கிறது, எடுத்துப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.