குழித்தறியில் நின்ற டபுள் பேஸ்

என் வீட்டுக்காரர் ஆரணியில் பட்டு நெய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல். நான் அதே குழுவில் மேல்குரல், மற்ற நாளில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வீட்டில் என் குரல்தான் மேலே என்று போதகர்கூட கிண்டல் செய்வார். எழுபதுகளின் கடைசியில் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் வெறும் காற்றாகிப் போனது. பக்கத்தில் இருந்தால் பேசுவது கேட்கும், அவ்வளவுதான். இனிமேல் பாட முடியாது என்று டாக்டர் கடைசித் தடவை போனபோது சொல்லிவிட்டார்.

அன்றைக்கே வாங்கியதுதான் அது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் மூர் மார்க்கெட்டில் நுழைந்தோம். பழைய பீரோக்களுக்கு நடுவே என்னைவிட உயரமாக ஒரு பிடில் சாய்ந்துகொண்டிருந்தது. பெயர் டபுள் பேஸ், ஏதோ ஓட்டல் பேண்டில் வாசித்தது, வில் தொலைந்துவிட்டது, விரலாலேயே வாசிக்கலாம் என்றார் கடைக்காரர். இவர் தடித்த தந்தியை ஒரு விரலால் இழுத்து விட்டார். அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்டதைவிட உள்ளங்காலில்தான் அதிகம் கேட்டது. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஆறு மாதமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"சோறு துன்ற காசுல மரத்த வாங்குவாங்களா?" என்று கடையிலேயே சண்டை போட்டேன். போட்டுவிட்டு, தையல் மிஷினுக்கென்று இடுப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்ததும் நான்தான்.

தார்ப்பாயில் சுற்றி பஸ் மேலே ஏற்றினோம். கண்டக்டர் சுற்றிச் சுற்றி வந்தார். "உண்மைய சொல்லுங்கம்மா, உள்ள ஆளு கீளு படுத்துகினு இருக்குதா?"

"இல்ல, என் தையல் மிஷின் படுத்துகினு இருக்குது" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கள் வீட்டுக் கூரை தாழ்வு. டபுள் பேஸ் உள்ளே நிமிர்ந்து நிற்கவில்லை. எங்களிடம் இரண்டு தறி. அவர் உடம்பு கெட்டதிலிருந்து ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தோம். காலை விட்டு மிதிப்பதற்கான குழி மட்டும் சும்மா கிடந்தது. அதற்குள் இறக்கி நிறுத்தினார், தலை தட்டாமல் நின்றது. அவர் மேட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து அதை அணைத்துக்கொள்வார்.

வாசிக்கக் கற்றுத்தர ஊரில் ஆள் கிடையாது. நான் ஹார்மோனியத்தில் டோ, ரே, மீ என்று ஒவ்வொன்றாக அழுத்தினேன். அவர் அந்தச் சுரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தந்தியில் விரலை நகர்த்தித் தேடினார். கிடைத்த இடத்தில் டபுள் பேஸின் கழுத்தைச் சுற்றி மிச்சப் பட்டு நூலைக் கட்டினார். டோவுக்கு அரக்கு, சோவுக்குக் கிளிப்பச்சை. ஒரு மாதத்தில் அதன் கழுத்து கல்யாணப் பெண் கழுத்து மாதிரி ஆகிவிட்டது.

பாடகர் குழுத் தலைவர் ஒரு நாள் வந்து பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் நேராகப் பேசுவார். "அடிக்குரல் இல்லாம பாட்டு தொங்குதுங்க. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இத வெச்சு வாசிங்க. சரியா வந்தா உங்க எடம் உங்களுக்கு. வரலேன்னா வேற ஆளு போட்டுடுவேன், மனசுல வெச்சுக்காதீங்க." இவர் தலையை ஆட்டினார். கடைசி வரிசையின் ஓரத்து இடம் அது. பன்னிரண்டு வருஷம் அவர் நின்ற இடம்.

பட்டு நெய்கிறவருக்கு விரல் நுனி குழந்தையுடையது போல இருக்கவேண்டும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாலும் இழை பிடித்துக்கொண்டு அறும். தடித்த தந்தியோ விரலைக் காய்ப்பேற்றும். காய்த்தால்தான் வலிக்காமல் வாசிக்க முடியும். இவர் சாயந்திரம் காய்ப்பேற்றியதைக் காலையில் கல்லில் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவிக் கரைத்துவிட்டுத் தறியில் உட்காருவார். மறுபடி சாயந்திரம் பச்சை விரலோடு தந்தியைத் தொடுவார். மற்றவர்களுக்கு முதல் மாதத்தோடு போகிற வலி இவருக்குத் தினமும் முதல் நாள் வலி. ஒரு நாள்கூட அதைப் பற்றிச் சொன்னதில்லை. நான் முள் குத்தினால் தெருவைக் கூட்டுகிறவள். அந்த மனுஷரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

அவருக்காக நானும் ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தேன். அதுதான் வினையாகிவிட்டது. வெயில் காலத்தில் காற்று காய்ந்தால் பட்டு இழை அறும் என்று தறிக்குழியில் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு போட்டு வைப்போம். தந்தியும் இழைதானே? அறுந்துவிட்டால் ஆரணியில் எங்கே போய்த் தேடுவது? அவருக்குத் தெரியாமல் அந்தக் குழியிலும் தினமும் தெளித்தேன், சாக்கை நனைத்துப் போட்டேன். மழை ஆரம்பித்த பிறகும் நிறுத்தவில்லை. டிசம்பர் பிறந்ததும் ஒரு காலையில் பார்த்தால், பசை விட்டு, டபுள் பேஸின் முதுகுப் பலகை கீழிருந்து வாய் பிளந்து நிற்கிறது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நான்தாங்க கெடுத்தேன், தண்ணி தெளிச்சேன்" என்றேன். அவர் குனிந்து அந்தப் பிளவுக்குள் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள ஒரு சின்ன குச்சி நிக்குது, பாரு. ஒட்டவே இல்ல, சொம்மா நிக்குது. அதான் மொத்தத்தையும் தாங்குது போல" என்றார், அந்தக் காற்றுக் குரலில். கோபம் ஒரு சொட்டு இல்லை.

தறி செய்கிற ஆசாரி வந்து வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினார். பாவுக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பத்து நாள் தொடக்கூடாது என்றார். அந்தப் பத்து நாளும் இவர் துணி காயவைக்கிற மூங்கிலில் அதே கலர் நூல்களை அதே இடத்தில் கட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாசித்தார். நான் பாடினேன், அவர் மூங்கிலை அழுத்தினார். சிரிப்பு வரவேண்டிய காட்சி. எனக்கு வரவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் கோயில் நிரம்பியிருந்தது. கடைசி வரிசையின் ஓரத்தில் அவர் டபுள் பேஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் பாட்டின் முதல் சுரம் எழுந்தது. எங்கள் பாட்டு நாலாவது சரணத்தில் எப்போதும் சுருதி இறங்கிவிடும். அன்றைக்கு இறங்கவில்லை, இறங்க அவர் விடவில்லை. ஒரே ஒரு இடத்தில் விரல் தவறியது, எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். ஆமென் முடிந்ததும் குழுத் தலைவர் கடைசி வரிசையைப் பார்த்துத் தலையை அசைத்தார். அந்த இடத்துக்கு அப்புறம் வேறு ஆள் போடவே இல்லை.

வெளியே வரும்போது அவர் என் காதருகே குனிந்தார். வாத்தியம் எப்படி இருந்தது என்று கேட்பார் என நினைத்தேன்.

"என் கொரலு எப்பிடி இருந்துச்சி?" என்று கேட்டார்.

 "நல்லா இருந்துச்சிங்க" என்றேன்.