படலை வரைக்கும் ஓட்டம்

பயத்தை எடுத்துவிட்டால் ஓட்டத்தில் மிச்சம் என்ன இருக்கும்?

இராசநாயகத்தின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். அவர் இந்தச் சொற்களில் அதைக் கேட்டதில்லை. வட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்த மனிதர். "ஆறுதலாப் போவம்" என்பதுதான் அவர் வாயில் அதிகம் வரும் வார்த்தை. பஸ் புறப்படப் போகிறது என்று சந்தியில் நின்று கத்தினாலும் நடை மாறாது. பஸ் போனால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். அவருடைய நிதானத்தை ஊர் ஒரு பெரிய குணமாகக் கொண்டாடியது. எனக்கு அது வெறும் பழக்கமாகத்தான் தெரிந்தது.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, ஒரு காலை, அவர் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறி விட்டுக்கொண்டிருந்தபோது குண்டு போடும் பொம்மர் வந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தோட்டத்தின் குறுக்கே பனங்கூடல் வரை ஓடி, ஒரு வடலிக்குள் குப்புறக் கிடந்தார். குண்டு விழுந்தது எங்கோ கடற்கரைப் பக்கம். இரைச்சல் அடங்கி எழுந்தபோது நெஞ்சில் மண் ஒட்டியிருந்தது, பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை என்னவென்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானம் சோற்றின் முன்னால் இருந்துகொண்டு மனைவி மீனாம்பிகையிடம் சொன்னார்.

"இஞ்சாரும், அந்த ஓட்டம் நல்லாயிருந்தது."

மீனாம்பிகை கறிச்சட்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "தப்பினது நல்லாயிருந்ததோ, ஓடினது நல்லாயிருந்ததோ?"

பிசைந்த கை நின்றுபோயிற்று. "அதுதான் தெரியேல்லை."

"நாள் முழுக்கத் தோட்டத்திலை முறியிற மனிசனுக்கு ஓட்டம் வேறை கேக்குதாக்கும். சாப்பிடுங்கோ."

அவர் சாப்பிட்டார். ஆனால் கேள்வி போகவில்லை. பின்னால் அவர் செய்ததெல்லாம் மனைவி விளையாட்டாகக் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான். பயம் கலக்காமல் ஒருமுறை ஓடிப் பார்த்தால் எது நன்றாக இருந்தது என்று தெரிந்துவிடும். வீட்டிலிருந்து சந்தி வரை, இடையில் நிற்காமல், ஒன்றுக்கும் பயப்படாமல், ஒரே ஓட்டம். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அடுத்த கிழமை ஒரு விடியற்காலை, சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டு முன் ஒழுங்கையில் இறங்கி ஓடத் தொடங்கினார்.

அந்த வருடத்தில் எங்கள் ஊரில் ஒருவர் ஓடுகிறார் என்றால் அதற்கு ஒரே பொருள்தான். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஒருத்தி முதலில் கண்டாள். விளக்குமாறு விழுந்தது, பிள்ளைகளின் பெயர்கள் கேட்டன, பங்கர்க் குழியின் வாசலில் தகரம் சரிந்தது. அந்தச் சத்தத்தில் அடுத்த வீடு எழும்பியது. வேலிக்கு வேலி செய்தி அவரைவிட வேகமாகப் போயிற்று. பாதி ஒழுங்கை கடந்தபோது, தனக்கு முன்னால் ஆட்கள் ஓடுவதை இராசநாயகம் கண்டார். பயந்துபோனார். ஏதோ நடந்துவிட்டது, தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்து, உள்ள பலமெல்லாம் கூட்டி ஓடி, சந்தியில் முத்துக்குமாருவின் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னாலிருந்த பங்கருக்குள் பாய்ந்தார்.

உள்ளே இருட்டு. ஆட்கள் நெருக்கி நின்றார்கள்.

"என்னவாம்? ஆமி வெளிக்கிட்டிட்டானோ?"

"தெரியாது. இராசநாயகம் ஓடினவர்." இது கடைக்கார முத்துக்குமாருவின் குரல்.

"ஆர், பஸ்ஸுக்கும் ஓடாத இராசநாயகமோ?"

"அந்த மனிசனே ஓடுதெண்டால் பாருமன்!"

"அவர் இப்ப எங்கை?"

"இஞ்சைதான் நிக்கிறன்" என்றார் இராசநாயகம், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஏன் ஓடினனீர்?"

"நீங்கள் எல்லாரும் ஓடினியள். அதுதான்."

"அதுக்கு முன்னம்?"

"அதுக்கு முன்னம்... சும்மா."

முத்துக்குமாரு சொன்னார்: "ஐசே, சும்மா ஓடுறதுக்கு உமக்கு இந்த வருசந்தானே கிடைச்சது?"

சிரித்துக்கொண்டே எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒழுங்கையின் நடுப்பகுதியில் மட்டும் சிரிப்பு இல்லை. அங்கே தனியாக இருந்த பராசக்தி, பங்கர்ப் படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து கிடந்தார். ஐம்பதைத் தாண்டியவர். தையல் மெசின் ஒன்றை வைத்துச் சீவித்தவர். ஒரே மகள் கொழும்பில்.

இராசநாயகம் அன்று பின்னேரமே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் அவர் முன்னால் நின்றார். பராசக்தி மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி கேட்டார்.

"பழத்தை ஆர் உரிச்சுத் தாறது? நீரோ?"

அவர் உரித்துக் கொடுத்தார்.

"இனி ஓடமாட்டன் அக்கா."

"ஓட வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. உம்மடை கால், உம்மடை ஒழுங்கை. என்ரை வாசல் படலையடியாலை மட்டும் நடந்து போம்."

"நான்தான் எண்டு இனித் தெரியுந்தானே அக்கா?"

"தலைக்குத் தெரியும் தம்பி. காலுக்குத் தெரியாது. ஓடுற சத்தம் கேட்டால் அது தன்ரை பாட்டிலை பங்கருக்குப் போகும்."

ஓம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஊர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. ஓடத்தான் வேண்டுமென்றால் சிரித்துக்கொண்டு ஓட வேண்டும், அப்போதுதான் ஒன்றுமில்லை என்று சனத்துக்கு விளங்கும் என்றார் முத்துக்குமாரு. இராசநாயகம் இரண்டு மூன்று காலை அப்படியும் ஓடிப் பார்த்தார். பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு வெங்காயச் செய்கைக்காரன் விடியப்புறம் ஓடிவருவதைக் கண்டு, விசர் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டினவர்கள்தான் அதிகம். மீனாம்பிகையிடம் இதைவிட நல்ல யோசனை இருந்தது.

"கோயிலுக்கு நேர்த்திக்கடன் எண்டு சொல்லுங்கோவன். ஒருத்தரும் வாய் திறக்காயினம்."

உண்மைதான். அந்த ஒரு சொல்லோடு எல்லாக் கேள்வியும் அடங்கியிருக்கும். அவர் மறுத்துவிட்டார். "நேர்த்தியெண்டால் அது கடவுளுக்காக ஓடுறது. நான் பாக்கிறது வேறை."

"என்னத்தைப் பாக்கிறியள்?"

"நீர் கேட்டதைத்தான்."

மீனாம்பிகைக்குத் தான் கேட்டது என்னவென்று நினைவில்லை.

ஓடுவது அவருக்குத் தெரியவும் இல்லை. நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற உடம்பு, ஓட்டம் என்றதும் அந்நியனைப்போல் நின்றது. விலாவில் குத்தியது, கெண்டைக்கால் பிடித்தது, சாறம் தட்டியது. சாறத்தை விட்டுப் பழைய காற்சட்டை ஒன்றுக்கு மாறினார். மின்சாரம் நின்று நெடுநாள். கம்பி தொய்ந்த லைற் போஸ்டுகள் மட்டும் ஒழுங்கையோரம் நின்றன. அவற்றுக்கு ஒரு வேலை கொடுத்தார்: ஒரு போஸ்டிலிருந்து அடுத்ததுக்கு ஓட்டம், அதிலிருந்து அடுத்ததுக்கு நடை. கால் பழகப் பழக நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டினார்.

மெதுவாக ஓடவேண்டும் என்பதை அவருக்கு விளங்கவைத்தது முத்துக்குமாருவின் நக்கல்தான். பாண் எடுக்கப் போகும் வழியில் சைக்கிளில் பக்கத்தில் வந்துகொண்டு, "என்ன ஐசே, ஆமி எங்கை வரைக்கும் வந்திட்டான்?" என்பார். இராசநாயகத்துக்குப் பதில் வாயில் வந்து நிற்கும், மூச்சு விடாது. பதில் சொல்ல முடியாமல் போவதுதான் விலாக்குத்தைவிட அவரை வருத்தியது. ஆகவே வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். ஒருநாள், ஓட்டத்தை நிறுத்தாமலே, "உம்மடை தேத்தண்ணியைக் குடிச்சவை எல்லாம் ஓடித்தான் போவினம், கக்கூசுப் பக்கம்" என்று முழுசாகச் சொல்ல முடிந்தது. அன்று முதல் விலா குத்தவில்லை. பழைய நிதானம் ஓட்டத்துக்குள் வந்துவிட்டது. அழகான ஓட்டம் என்று அதை யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன்.

வருடங்கள் போயின. கால்களுக்கு இப்போது வீட்டிலிருந்து சந்தி பெரிய தூரமில்லை. ஊரும் பழகிவிட்டது. ஆனால் நடுவில் பராசக்தியின் படலை இருந்தது. அதற்கு முன்னாலுள்ள போஸ்டில் ஓட்டம் நடையாகும். படலை தாண்டி அடுத்த போஸ்டில் மறுபடி ஓட்டமாகும். வேறு வழியில் ஓடலாம் என்றால், ஒழுங்கையின் மற்ற அந்தம் தோட்ட வரம்பிலும் உவர் நிலத்திலும் போய் முடிந்தது. முறிந்த கை பொருந்தி மெசின் சத்தம் திரும்பக் கேட்கத் தொடங்கிய பிறகும் இராசநாயகம் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

ஒரு காலை அவர் அந்தப் படலையடியால் நடந்துகொண்டிருந்தபோது உண்மையாகவே பொம்மர் இரைந்தது. பராசக்தி முற்றத்திலிருந்து கத்தினார்.

"இப்ப ஓடும் தம்பி! இப்ப ஓடலாம், ஓடும்!"

இருவரும் அவருடைய பங்கருக்குள் இறங்கினார்கள். இந்தமுறை இராசநாயகம் படியில் கை கொடுத்து இறக்கினார். இரைச்சல் வட்டம் போட்டுத் தூரப் போயிற்று.

"எப்படி, நீர் என்னத்தையோ தேடித்தான் ஓடுறீரெண்டு மீனாம்பிகை சொன்னவ. பிடிபட்டுதோ?" என்று கேட்டார் பராசக்தி.

"இல்லை அக்கா. இதுவும் பயத்தோடைதான். ஒருக்கால் பயமில்லாமல் முழுசா ஓடினால்தான் தெரியும். உங்கடை படலை நடுவிலை நிக்குது."

"அதுக்கு நான் படலையைக் கழட்டிச் சுவரிலை சாத்தவோ?"

இருவரும் இருட்டுக்குள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு காலையில் அவர் நடந்து கடக்கும் நேரத்தில், "இண்டைக்கு ஆர் துரத்தினது?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். "ஒருத்தருமில்லை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தொண்ணூற்றைந்து தையில் சண்டையை நிறுத்தினார்கள். வானம் சத்தமில்லாமல் கிடந்தது. நாட்கள் போகப் போகச் சனம் அதை நம்பத் தொடங்கியது. மாசியில் பராசக்தி கொழும்புக்கு மகளிடம் புறப்பட்டார். மெசினை ஒரு உறவுக்காரிக்குக் கொடுத்தார். வீட்டைப் பூட்டித் திறப்பை மீனாம்பிகையிடம் கொடுத்தபோது இராசநாயகமும் பக்கத்தில் நின்றார்.

"இனி என்ன, நீர் ஓடலாம்" என்றார் பராசக்தி.

"ஓம் அக்கா."

அடுத்த நாள் காலை சோதனைக்கு வேண்டியதெல்லாம் கூடிவந்திருந்தது. வானத்தில் ஒன்றுமில்லை. திடுக்கிட வைக்க ஒழுங்கையில் யாருமில்லை. கால் தயாராக இருந்தது. இது முத்துக்குமாருவுக்கும் தெரியும்; கதிரை ஒன்றைக் கடை வாசலில் போட்டு, ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தார். மீனாம்பிகை தங்கள் படலையில் நின்றார். கணவர் ஓடுவதை அவர் நின்று பார்த்தது அதுதான் முதல்தடவை.

அவர் வழக்கமான வேகத்தில் போனார். களைப்பின் அடையாளம் ஒன்றும் இல்லை. பராசக்தியின் வளவுக்கு முன்னாலுள்ள போஸ்ட் வந்தது. ஓட்டம் நடையாயிற்று. பூட்டிய படலையின் முன்னால், தினமும் நடந்ததுபோல, ஆறுதலாக நடந்தார். அடுத்த போஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிச் சந்திக்கு வந்து சேர்ந்தார்.

"ஏன் ஐசே? அங்கை ஆரும் இல்லையே!" என்றார் முத்துக்குமாரு.

"ஓம். இல்லைத்தான்."

"பிறகென்ன?"

இராசநாயகம் இன்னொரு கதிரையை இழுத்து இருந்துகொண்டு வெறுந்தேத்தண்ணி ஒன்று கேட்டார். குடித்து முடித்த பிறகு, சின்ன வெங்காயம் சந்தையில் என்ன விலை போகிறது என்று விசாரித்தார்.

வீட்டிலும் கேட்டார்கள். பராசக்தியின் மகள்கூடக் கொழும்பிலிருந்து எழுதிக் கேட்டாளாம். சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஐப்பசியில் ஊர் முழுவதும் அந்த ஒழுங்கையால் வெளியேறும் வரை, ஓடக்கூடிய ஒவ்வொரு காலையும் அவர் ஓடினார். ஒவ்வொரு காலையும் அந்தப் பூட்டிய படலையின் முன்னால் நடந்தார்.