சேர்மன் கடிதம் வரைக்கும்

எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு முதல் பூசைக்குப் பைபிள் வாசகம் வாசிப்பது பெரும்பாலும் நான்தான். குரல் அப்படி. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி நடத்திப் பழுத்த தொண்டை. மைக் மக்கர் பண்ணினாலும் கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்கும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பீடத்தை விட்டு இறங்கியதும், வாசித்ததற்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்டதில்லை.

அவர்கள் கேட்டது வேறு. பூசை முடிந்து எதிர்த்த டீக்கடையில் நிற்கும்போது பக்கத்தில் வந்து, “சார், இப்ப எந்த ஷேரு வாங்கலாம்?” என்பார்கள். திண்டுக்கல்லில் இப்போது யார் போனைப் பார்த்தாலும் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் மற்றவர்கள் வீடியோ பார்த்து வாங்குகிறவர்கள், நான் படித்து வாங்குகிறவன். அப்படித்தான் எனக்குப் பேர். கம்பெனிகள் வருஷா வருஷம் இங்கிலீஷில் தடித் தடியாக ஆண்டறிக்கை போடுமே, அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிற ஆள் ஊரில் நான் ஒருத்தன்தான். வாசகத்தை இவ்வளவு அழகாக வாசிக்கிற மனுஷன் ஆண்டறிக்கையைத் தப்பாகவா படித்திருப்பார் என்று எங்கள் ஜனம் நம்பியது. அடப் பாவிகளா, குரலுக்கும் ஷேருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. நானும் யோசிக்க விடவில்லை.

என் படிப்பின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலீடு பற்றிய புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் முதல் அத்தியாயத்தில் பென்சில் கோடு கிழித்திருப்பேன். அதற்குப் பிறகு கடையில் வாங்கிய மேனிக்குப் புதுசாக இருக்கும். ஆண்டறிக்கை என்றால் முன்பக்கம் சேர்மன் பங்குதாரர்களுக்கு எழுதும் கடிதம் வரும். அதை ஹாலில் நின்றுகொண்டு சத்தம் போட்டு வாசிப்பேன், ஏற்ற இறக்கத்தோடு. அடுத்து மஞ்சள் ஹெல்மெட் போட்டுத் தொழிலாளர்கள் சிரிக்கும் படங்கள், மரக்கன்று நடும் படங்கள். அதையும் பார்ப்பேன். அதற்குப் பிறகு பொடி எழுத்தில் கணக்கும் கணக்குக்குக் கீழே குறிப்புகளும் ஆரம்பிக்கும். அங்கே எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

“என்னங்க, தெனம் அந்தச் சேர்மன் பேச்சத்தான் வாசிக்கிறீங்க. பின்னாடி பக்கமெல்லாம் இஸ்திரி போட்ட கணக்கா இருக்கு?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

“ஒனக்கு என்ன தெரியும், போயி வேலயப் பாரு” என்றேன். கோபம் மட்டும் எனக்கு டாண் டாண் என்று வந்துவிடும்.

அப்படிச் சேர்மன் கடிதத்தை வைத்து வாங்கியதில் ஒன்றுதான் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனி. வடக்கே எங்கேயோ இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் என்று சேர்மன் உருகி உருகி எழுதியிருந்தார். நான் மாடியில் நின்று தெருவைப் பார்த்தேன். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று காத்துக் கிடக்கிற ஊர் இது. மொட்டை மாடி ஒவ்வொன்றிலும் கறுப்புத் தொட்டி, சில வீட்டில் இரண்டு. தண்ணீர் இல்லாத வரைக்கும் தொட்டிக்கு அழிவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். தண்ணிக்குத் தவித்த திண்டுக்கல்காரனுக்குத்தான் அப்படி ஓர் ஆராய்ச்சி தோன்றும். கொஞ்சம் வாங்கினேன், ஏறியது. டீக்கடையில் சொன்னேன், இன்னும் ஏறியது.

என் தங்கச்சியை எரியோட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை முருங்கையும் தக்காளியும் போடுகிறார். மாமியார் வீட்டில் ஒரே ஓர் அறையில்தான் அவர்கள் குடித்தனம், ஒரு பெண் குழந்தை. தனியாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆசை. முருங்கை நல்ல விலை போன காலத்தில் அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் பேங்கில் கிடந்தது. மனை இருந்தது, அஸ்திவாரத்துக்குக் கருங்கல் இறக்கியாயிற்று. மாமனார் மனையை அவர்கள் பேருக்கு எழுதித் தரும் வரை வேலையை ஆரம்பிக்க முடியாது. அதற்கு ஒரு வருஷம் போல ஆகும் என்றார்கள். அந்த நேரத்தில்தான் அவள் காதுக்கு என் தொட்டிப் பெருமை எட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை. “எனக்கு இந்த வெவகாரமெல்லாம் புரியாது மச்சான். பேங்க்லயே கெடந்துட்டுப் போகட்டுமே” என்றார்.

தங்கச்சி டேபிள் மேல் கிடந்த ஸ்பைரல் புத்தகத்தை எடுத்துக் கனம் பார்த்தாள். என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அண்ணே, நீ இத முழுசாப் படிச்சியா?”

“ஒரு எழுத்து விடாமப் படிச்சேன் தாயி.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளை ஏமாற்றி எனக்கு ஒரு பைசா லாபமில்லை. மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்திருந்தார். படித்த அண்ணன் என்று அவள் அவரிடம் பீற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவள் முகத்துக்கு முன்னால், பின்பக்கமெல்லாம் புரட்டவே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“மச்சான் படிச்சிருந்தாச் சரி” என்று மாப்பிள்ளை எழுந்துகொண்டார். அவள் போனில் கணக்குத் திறந்து, நானே பக்கத்தில் உட்கார்ந்து, பேங்கில் இருந்த மொத்தத்தையும் அந்த ஒரே கம்பெனியில் போடவைத்தேன். என் பணம் பல கம்பெனிகளில் பரவிக் கிடந்தது. அவளுக்குப் பிரித்துப் போட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

சில மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒருநாள் காலை, கம்பெனி வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை என்று செய்தி வந்தது. ஷேர் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. விற்றுத் தொலைக்கலாம் என்று போனால் வாங்க ஆளே இல்லை. சந்தை திறந்ததும் அடிமட்ட விலையில் போய் நின்றுகொள்ளும், அசையாது. ஸ்டாஃப் ரூமில் போனைத் திறந்து திறந்து மூடினேன். கடைசியில் விற்க முடிந்தபோது தங்கச்சிக்கு மிஞ்சியது ஜன்னல் கதவுக்குக்கூடக் காணாது.

அன்றைக்குத்தான் அந்தப் புத்தகத்தின் பின்பக்கங்களைப் படித்தேன். ஆடிட்டர் எழுதியிருந்தார்: கம்பெனிப் பணத்தில் பெரும் பகுதி முதலாளியின் சொந்தக்காரர்கள் நடத்தும் வேறு கம்பெனிகளுக்குக் கடனாகப் போயிருக்கிறது, அது திரும்பி வருமா என்று எங்களால் உறுதி சொல்ல முடியவில்லை. எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற இங்கிலீஷ். நாலு வரி. சீ, நீயெல்லாம் ஒரு வாத்தியாரா என்று வாய்விட்டே திட்டிக்கொண்டேன். அதன்பிறகு வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தங்கச்சி போனில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “நீ என்னண்ணே பண்ணுவ” என்றாள். அதுதான் தாங்க முடியவில்லை. நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு சனிக்கிழமை எரியோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

மனையில் கருங்கல் அப்படியே கிடந்தது, இடுக்கெல்லாம் புல் முளைத்து. மாப்பிள்ளை தோட்டத்துக்குப் போயிருந்தார். தங்கச்சி சோறு போட்டு, முருங்கைக்காய் வெஞ்சனம் வைத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னேன், “தாயி, நான் அந்தப் புஸ்தகத்தப் படிக்கல.”

“எந்தப் புஸ்தகம்?”

“அந்தத் தொட்டிக் கம்பெனியோடது. முன்னாடி சேர்மன் எழுதுனத மட்டுந்தான் வாசிச்சேன். பின்னாடி எல்லாம் எழுதியிருந்துச்சு. படிச்சிருந்தா ஒன்னய வாங்கச் சொல்லிருக்க மாட்டேன்.”

கரண்டியைக் கீழே வைத்தாள்.

“படிச்சியான்னு அந்த ஒண்ணுதானண்ணே ஒன்னயக் கேட்டேன்.”

தட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

“படிக்கலன்னு சொல்லிருந்தா நான் பாட்டுக்கு எந்திரிச்சு வந்திருப்பேன். இந்த வீட்ல எம்புட்டுப் பேச்சு வாங்குனேன் தெரியுமா? ஒங்கண்ணன் படிக்காமயே அடிச்சு விட்ருக்கான்னு இவரு தெனம் பேசுனாரு. கேட்டுக் கேட்டுப் பொறுக்க ஏலாம, போன வாரம் எம்பிள்ள தலையில கை வச்சு, எங்கண்ணன் முழுசாப் படிச்சிட்டுத்தான் சொன்னான்னு சத்தியம் பண்ணிட்டேன்ணே.” அவள் குரல் உடைந்தது. “பிள்ள தலையில கை வச்சு, நீ என்னயப் பொய்ச் சத்தியம் பண்ண வச்சிட்ட.”

பணம் போனதற்கு அவள் இப்படி அழுததில்லை. நான் பதறி எழுந்து, மாப்பிள்ளை வரட்டும், நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம். சொல்லிராத. அப்பறம் நான் என்ன சொன்னாலும் அவரு நம்ப மாட்டாரு. நான் இந்த வீட்ல இருக்கணும்ணே.”

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை உள்ளே வந்தவர், என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“வாங்க மச்சான். நானே ஒங்களப் பாக்க வரணும்னு இருந்தேன். கோவத்துல ஒங்களத் தப்புத் தப்பாப் பேசிட்டேன். நீங்க படிச்சிட்டுத்தான் சொன்னீங்கன்னு இவ சத்தியம் பண்ணதுக்கப்பறந்தான் எனக்கு ஒறச்சுச்சு. மனசுல வச்சுக்காம என்னய மன்னிச்சிருங்க மச்சான்.”

தங்கச்சி அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள்.

“பரவால்ல மாப்ள, விடுங்க” என்று நான் அவரை மன்னித்தேன்.